தலைவி அறையைவிட்டு வெளியேறினார்

மிச்சம், லண்டன்
12 ஜனவரி 2025

அன்புத் தங்கச்சி கிளறிற்றாவுக்கு,

ஆண்டவர் உன்னையும் மடத்தில் உள்ள எல்லாரையும் சுகமாக வைத்திருப்பாராக. இங்கே நானும் உன் அத்தானும் சுகம். என் முழங்கால் மட்டும் படி ஏறும்போது தன் இருப்பைச் சொல்லிக்கொள்கிறது. உனக்கு அந்த வறட்டு இருமல் நின்றதா?

இந்தக் கடிதத்தை நின்றுகொண்டு வாசிக்காதே, உட்கார்ந்து வாசி. உன் அக்கா ஒரு சபைக்குத் தலைவியாகிவிட்டாள். கோயில் மாதர் சபை இல்லை, சிரிக்காதே. ஆய்வு நிர்வாகிகள் அமைப்பு, முழு இங்கிலாந்துக்கும் உரியது. நான் என்ன வேலை செய்கிறேன் என்று விளங்கவில்லை என்று நீ ஒவ்வொரு முறையும் எழுதுவாய். கடைசி முறையாகச் சொல்கிறேன். பல்கலைக்கழகங்களிலும் ஆஸ்பத்திரிகளிலும் பேராசிரியர்மார் ஆய்வு செய்வார்கள். மருந்தைப் பரிசோதிப்பார்கள், நோயாளிகளைக் கேள்வி கேட்பார்கள். அதற்கு அனுமதி வாங்குவது, ஒப்பந்தம் பார்ப்பது, நோயாளி சம்மதித்துக் கையெழுத்து வைத்த படிவத்தைச் சரிபார்த்துக் கோப்பில் போடுவது எல்லாம் எங்கள் வேலை. பெயர் அவர்களுக்கு, பேப்பர் எங்களுக்கு. எங்களைப் போன்றவர்களுக்குப் பயிற்சி கொடுக்கவும், ஒழுக்கக் கோவை எழுதவும், எங்களுக்காகப் பேசவும் ஒரு தொண்டு அமைப்பு இருக்கிறது. அதை நடத்துவது ஒன்பது அறங்காவலர்கள். எட்டுப் பேர் கை உயர்த்தினார்கள். ஒன்பதாவது ஆள் நான், வெட்கத்தில் கையை மடியில் வைத்திருந்தேன்.

இருபத்தாறு வருஷத்துக்கு முன் போட்டோக்கொப்பி எடுக்க ஏஜென்சி அனுப்பிய பெண் நான். கூட்டம் முடிந்ததும் துணைத்தலைவர் டெரெக் என் கையைக் குலுக்கி, “உங்களைப் போல விதிமுறை தெரிந்தவர் இந்தச் சபையில் இல்லை” என்றார். ட்ராமில் வீட்டுக்கு வரும்வரை அதையே நினைத்துச் சிரித்துக்கொண்டு வந்தேன். அத்தானுக்குச் சொன்னால், “அப்ப இனி வீட்டிலயும் கை உயர்த்தித்தான் கதைக்க வேணுமோ?” என்கிறார். அவருக்கு எல்லாம் பகிடி.

நத்தார்ப் பண்டிகைக்கு அண்ணையின் மகள் றொசாந்தி இல்ஃபோர்ட்டில் இருந்து வந்து மூன்று நாள் நின்றாள். ஆய்வு நிலையம் ஒன்றில் அவளுக்கும் என் தொழில்தானே. நான் எழுதிய ஒழுக்கக் கோவையைத் தன் மேசைக்கு மேல் ஒட்டி வைத்திருக்கிறாளாம். “மாமி எழுதினது எண்டு ஒருத்தருக்கும் சொல்லேல்லை. பிறகு மாமியாலதான் வேலை கிடைச்சது எண்டு சொல்லுவினம்” என்கிறாள். செத்துப்போன அண்ணையின் ரோஷம் அப்படியே இருக்கிறது.

மதருக்கும் மற்றவர்களுக்கும் என் வணக்கத்தைச் சொல்லு.

அன்பு அக்கா,
இம்மாகுலேற்


மன்னார்
30 ஜனவரி 2025

பிரியமுள்ள அக்காவுக்கு,

அத்தானுக்கும் உங்களுக்கும் இறைவனின் சமாதானம் உண்டாகட்டும். இருமல் போய்விட்டது, அதற்குப் பதிலாகப் பல்வலி வந்து குந்தியிருக்கிறது.

உங்கள் கடிதம் வந்த அன்று எங்களுக்கு மௌன நாள். வாயைப் பொத்திக்கொண்டு வாசித்தேன். சின்ன வயதில் பிள்ளைகளை வரிசையாக நிற்க வைத்துப் பெயர் கூப்பிட்டு விளையாடுவீர்களே, இப்போது வெள்ளைக்காரரை நிற்க வைத்திருக்கிறீர்கள். நல்ல விஷயம். ஆனால் தலைமை என்றால் சுகம் என்று நினைக்க வேண்டாம். எங்கள் மதர், குழம்பில் உப்புக் கூடினாலும் தன்னைத்தான் கேட்கிறார்கள் என்று கண்ணீர் விடுகிறா.

மார்ச் ஐந்தாம் திகதி விபூதிப் புதன். அன்றிலிருந்து உயிர்த்த ஞாயிறு வரை எங்களுக்குக் கடிதப் போக்குவரத்து இல்லை என்பது தெரியும்தானே. வருகிற கடிதங்கள் மதரின் மேசை லாச்சியில் கிடக்கும். அவசரம் என்றால் அதற்கு முதல் எழுதுங்கள்.

றொசாந்தியைப் பார்த்துக்கொள்ளுங்கள். அண்ணி கிழமைக்கு ஒருமுறை இங்கே வந்து, சந்திப்பு அறைக் கம்பிக்கு அந்தப் பக்கம் இருந்து அவளைப் பற்றியே கதைக்கிறா. “இம்மா மச்சாள் அங்க இருக்கிறா எண்ட துணிவிலதான் பிள்ளையை விட்டனான்” என்று இந்தக் கிழமையும் சொன்னா.

உங்களை மறக்காமல் செபிக்கும்,
கிளறிற்றா


மிச்சம்
14 பெப்ரவரி 2025

அன்புத் தங்கச்சிக்கு,

பல்லைப் பிடுங்கினாயா? பல்வலியை ஆண்டவருக்கு ஒப்புக்கொடுக்கிறேன் என்று பேசாமல் இருந்துவிடாதே. நாங்கள் இருவரும் சுகம் என்று எழுதலாம். ஆனால் மனம் சுகமில்லை.

றொசாந்தியை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். நடந்தது இதுதான். ஓர் ஆய்வில் நோயாளிகளுக்குப் பரிசோதனையைச் செய்துவிட்டு, சம்மதப் படிவத்தில் பிறகு கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். பரிசோதனைக்கு முந்திய திகதியைப் போட்டுக் கோப்பில் வைக்கும்படி இவளிடம் சொல்லியிருக்கிறார்கள். இவள் மாட்டேன் என்று மேலிடத்துக்கு எழுதிவிட்டாள். ஒரு மாதம் போனதும், சக ஊழியர்களோடு ஒத்துப்போகத் தெரியாதவள் என்று காரணம் காட்டி அனுப்பிவிட்டார்கள்.

மார்ச் இருபத்தெட்டாம் திகதி அந்த நிலையத்திலேயே மேல்முறையீடு இருக்கிறது. அதில் தோற்றால் அந்த வேலையை வைத்துக் கொடுத்த விசாவும் போகும். அறிவித்தல் வந்து அறுபது நாளுக்குள் நாட்டை விட்டுப் போக வேண்டும். அவள் எங்கள் அமைப்புக்கு எழுதிக் கேட்டிருப்பது ஒரு பக்கக் கடிதம். திகதியை மாற்ற மறுப்பது எங்கள் ஒழுக்கக் கோவைப்படி சரி என்று மட்டும் நாங்கள் எழுதிக் கொடுக்க வேண்டும். அந்தப் பிரிவை எழுதியவளே நான்தான், கிளறி.

போன ஞாயிறு வீட்டுக்கு வந்தாள். சாப்பிடவில்லை. “மாமி, நான் பிழை விட்டிருந்தால் சொல்லுங்கோ. நான் பேசாமல் போறன்” என்றாள். நீ பிழை விடேல்லைப் பிள்ளை என்றேன். “அப்ப அதை எழுதித் தாங்கோ” என்றாள். சபைதான் முடிவெடுக்க வேண்டும் என்று சொன்னேன். சரி என்று தலையை ஆட்டிவிட்டு, கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுப் போனாள்.

சபை மார்ச் பதினோராம் திகதி கூடுகிறது. நான் தொலைபேசியில் ஒவ்வொருவராய்க் கதைத்துப் பார்த்தேன். நான்கு பேர் கொடுக்கலாம் என்கிறார்கள். டெரெக்கும் இன்னும் மூன்று பேரும், நாங்கள் தொழிற்சங்கம் இல்லை, இதில் தலையிடக்கூடாது என்கிறார்கள். ஒன்பதாவது வாக்கு என்னுடையது. அவள் என் மருமகள் என்று ஒருவருக்கும் தெரியாது. நான் கிறிஸ்துராஜா, அவள் பெனடிக். தகப்பன் பெயரையும் புருஷன் பெயரையும் பின்னால் போடுகிற எங்கள் வழக்கத்தில் வெள்ளைக்காரர் எப்படி உறவு கண்டுபிடிப்பார்கள்? பேசாமல் இருந்து வாக்களிப்பதா, அல்லது உறவைச் சொல்லுவதா? சொன்னால் என்ன நடக்கும் என்று தெரியவில்லை. விபூதிப் புதனுக்கு முதல் இரண்டு வரி எழுது.

கவலையுடன்,
அக்கா


மன்னார்
26 பெப்ரவரி 2025

அக்காவுக்கு,

சுகம் விசாரிக்க நேரமில்லை, தபாற்காரன் வாசலில் நிற்கிறான். பல்லைப் பிடுங்கியாயிற்று.

உங்கள் விதிமுறை எனக்குத் தெரியாது. உறவை மறையுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன், மறைத்தால் உங்களுக்கு நித்திரை வராது. சொல்லுங்கள். சொல்லிவிட்டு அந்தக் கதிரையிலேயே இருங்கள். பிள்ளையைத் தனியே விடாதீர்கள்.

கிளறிற்றா


மிச்சம்
23 மார்ச் 2025

அன்புத் தங்கச்சிக்கு,

இதை நீ உயிர்த்த ஞாயிறுக்குப் பிறகுதான் பிரிப்பாய் என்று தெரிந்தும் எழுதுகிறேன். உன் உடம்பு எப்படி? தவக்காலம் என்று ஒரு நேரச் சாப்பாட்டோடு கிடந்து உடம்பைக் கெடுக்காதே. இங்கே குளிர் விட்டுவிட்டது. பக்கத்து வீட்டுச் செரி மரம் பூத்து, பூவெல்லாம் எங்கள் காரில்தான் கொட்டுகிறது. அத்தான் காலையில் தும்புத்தடியோடு நிற்கிறார். வெள்ளிக்கிழமை சிலுவைப் பாதையில் பத்தாம் ஸ்தலத்தை என்னை வாசிக்கச் சொன்னார்கள்.

உன் கடிதம் பதின்மூன்றாம் திகதிதான் வந்தது. கூட்டம் முடிந்து இரண்டு நாள்.

கூட்டத்தில் உறவைச் சொன்னேன். எழுந்து நின்று, இந்தப் பெண் என் இறந்த சகோதரனின் மகள் என்றேன். விதிமுறை இருக்கிறதே, நாங்கள் என்ன செய்வது. வெளியே வந்து இருந்தேன். உள்ளே டெரெக் தலைமை வகித்தார். நான்குக்கு நான்கு. வாக்குகள் சமமாக வந்தால் தலைமை வகிப்பவர் இன்னொரு வாக்குப் போடலாம். அதை இருப்பதை இருந்தபடி விடுகிற பக்கம் போடுவதுதான் இங்குள்ள மரபு. அவரும் மரபுப்படியே செய்தார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. கடிதம் இல்லை என்று முடிவாயிற்று.

இன்னும் ஐந்து நாளில் மேல்முறையீடு. எங்கள் கடிதம் இல்லாமலும் அவள் வெல்லலாம். உண்மை அவள் பக்கம்தானே.

அன்பு அக்கா,
இம்மாகுலேற்


மிச்சம்
9 ஏப்ரல் 2025

அன்புத் தங்கச்சிக்கு,

இதுவும் லாச்சிக்குத்தான் போகப்போகிறது. நீ சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

றொசாந்தி தோற்றுவிட்டாள். நாலாம் திகதி முடிவு வந்தது. முடிவுக் கடிதத்தைப் படம் எடுத்து எனக்கு அனுப்பியிருந்தாள். அவளுடைய தொழில் அமைப்பே அவளுக்கு ஆதரவாக எழுத முன்வரவில்லை என்று அதில் ஒரு வசனம் இருக்கிறது. அந்த வசனத்துக்குக் கீழே அவள் கோடு கூடப் போடவில்லை. சும்மா அனுப்பியிருந்தாள்.

அதன்பிறகு தொலைபேசியை எடுக்கிறாள் இல்லை. சனிக்கிழமை மிச்சத்திலிருந்து இல்ஃபோர்ட் வரை போனேன். ஒன்றரை மணித்தியாலம், முழங்கால் வேறு. மீன் கட்லற் செய்து கொண்டுபோனேன், அவளுக்குப் பிடிக்கும். அவளோடு வீட்டில் இருக்கும் மயூரா என்ற பிள்ளைதான் கதவைத் திறந்தாள். “றொசா இல்லை அன்ரி, வெளியில போட்டா” என்றாள். வாசலில் றொசாந்தியின் சப்பாத்து இருந்தது. நத்தாருக்கு நான் வாங்கிக் கொடுத்தது. கட்லற்றைக் கொடுத்துவிட்டு, சூட்டோடு சாப்பிடச் சொல்லு என்று சொல்லிவிட்டு வந்தேன். மயூரா அழுகிற மாதிரி நின்றாள்.

அவளுக்காக மட்டுமில்லை, எனக்காகவும் செபி.

அக்கா


மன்னார்
22 ஏப்ரல் 2025

பிரியமுள்ள அக்காவுக்கு,

உயிர்த்த ஆண்டவரின் மகிழ்ச்சி உங்கள் வீட்டில் தங்கட்டும் என்று எழுத வேண்டும். எழுதுகிறேன். எனக்குச் சுகத்தில் குறையில்லை. உங்கள் முழங்காலுக்கு வைத்தியரைப் பாருங்கள், நடந்து நடந்து மோசமாக்காதீர்கள்.

மதர் லாச்சியைத் திறந்து எனக்கு மூன்று கடிதம் தந்தா. இரண்டு உங்களுடையது. மூன்றாவது றொசாந்தியுடையது. அவள் எனக்கு எழுதியது இதுதான் முதல் முறை. அதில் ஒரு துண்டை அப்படியே எழுதுகிறேன்.

“சின்னமாமி, அவையளின்ர கூட்டக் குறிப்பை அங்கத்தவர் எல்லாரும் இணையத்தில வாசிக்கலாம். நானும் வாசிச்சன். என்ர விஷயத்துக்கு ஆறு வரி இருக்கு. முதல் வரி, தலைவி உறவைத் தெரிவித்து அறையைவிட்டு வெளியேறினார். பெரியமாமி நான் ஆர் எண்டு எல்லாருக்கும் முன்னால சொன்னது எனக்குச் சந்தோஷம். ஒருநாளும் எதிர்பார்க்கேல்லை. ஆனால் ஏன் வெளியில போனவ எண்டுதான் விளங்கேல்லை.”

அக்கா, எனக்கும் விளங்கவில்லை. “விதிமுறை இருக்கிறதே” என்று எழுதியிருக்கிறீர்கள். விதி என்ன சொல்லுகிறது என்று எழுதவில்லை. வெளியே போகச் சொன்னது யார்? இதைக் குற்றம் பிடிக்கக் கேட்கவில்லை. பிள்ளைக்குப் பதில் எழுத வேண்டும், அதற்குக் கேட்கிறேன்.

கிளறிற்றா


மிச்சம்
30 மே 2025

அன்புத் தங்கச்சிக்கு,

பதில் எழுதப் பிந்திவிட்டது, மன்னித்துக்கொள். உன் சுகத்துக்கு ஆண்டவரிடம் மன்றாடுகிறேன். எனக்கு முழங்காலில் ஊசி போட்டிருக்கிறார்கள். அத்தானுக்குக் கண்ணில் புரை வெட்ட நாள் கொடுத்திருக்கிறார்கள்.

இந்த மாதம் பேர்மிங்காமில் எங்கள் வருடாந்த மாநாடு. அறுநூறு பேர். தலைவி என்று முதல் உரை நான்தான் நிகழ்த்த வேண்டும். மூன்று கிழமை அதிலேயே போயிற்று. சேலை கட்டுவதா கோட் போடுவதா என்று ஒரு கிழமை போயிற்று, கடைசியில் கோட்தான். டெரெக் என்னை அறிமுகப்படுத்தும்போது, பெயர் சொல்லாமல், அண்மையில் ஒரு சிக்கலான விஷயத்தில் தலைவி நடந்துகொண்ட முறை எல்லாருக்கும் உதாரணம் என்றார். கை தட்டினார்கள். சாப்பாடு வழக்கம்போல உப்புமில்லை புளியுமில்லை.

றொசாந்திக்கு விசா அறிவித்தல் மே இரண்டாம் திகதி போட்டு வந்திருக்கிறது. ஜூலை முதலாம் திகதிக்கு முதல் போக வேண்டும். வேலைக்கு இருபத்திரண்டு இடத்துக்கு விண்ணப்பித்தாளாம், மயூரா சொன்னாள். முந்தைய இடத்தில் கேட்டால் அவர்கள் சொல்கிற பதிலில் எல்லாம் நின்றுவிடுகிறது. நானும் எனக்குத் தெரிந்த இரண்டு பேரிடம் கதைத்தேன். பார்ப்போம் என்றார்கள். இந்த ஊரில் பார்ப்போம் என்றால் என்ன அர்த்தம் என்று உனக்குத் தெரியாது.

தோட்டத்தில் தக்காளி நட்டிருக்கிறோம். மதரைக் கேட்டதாகச் சொல்லு.

அன்பு அக்கா,
இம்மாகுலேற்


மன்னார்
15 ஜூன் 2025

அக்காவுக்கு,

அத்தானின் கண்ணுக்காக நாங்கள் பதினொரு பேரும் செபிக்கிறோம் என்று சொல்லுங்கள். நான் நல்ல சுகம்.

தக்காளி வரை எழுதியிருக்கிறீர்கள். நான் கேட்டதற்கு மட்டும் பதில் இல்லை. கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், பின்பக்கத்திலும் இல்லை.

போன கிழமை அண்ணி வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதா. “இம்மா மச்சாள்தானே அங்க தலைவி? தலைவி ஒரு சொல் சொன்னால் கேக்க மாட்டினமோ?” என்று கேட்டா. “அங்கத்தைய சட்டம் அப்பிடி அண்ணி, உறவெண்டால் வெளியில போகத்தான் வேணும்” என்று சொன்னேன். உங்கள் கடிதத்தை நம்பித்தான் சொன்னேன். அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டு, “அப்ப அவ பாவம் என்ன செய்யிறது” என்று எழும்பிப் போனா.

நான் அண்ணிக்குச் சொன்னது உண்மையா, அக்கா?

கிளறிற்றா


மிச்சம்
8 ஜூலை 2025

கிளறி,

நீ சுகமாக இரு. எங்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

றொசாந்தி முப்பதாம் திகதி போய்விட்டாள். எந்த விமானம் என்று மயூராவிடம் கேட்டு ஹீத்ரோவுக்குப் போனேன். இரண்டு சூட்கேசோடு வரிசையில் நின்றாள். என்னைக் கண்டதும், “முழங்கால் நோவோட ஏன் மாமி வந்தனீங்கள்?” என்று கேட்டு, எனக்கு ஒரு கதிரை தேடிக் கொண்டுவந்தாள். தேத்தண்ணி வாங்கித் தந்தாள். அத்தானின் கண்ணைப் பற்றி விசாரித்தாள். நேரம் வந்ததும், “போட்டு வாறன் மாமி” என்று என் கையைத் தொட்டுவிட்டுப் போனாள். உள்ளே போகுமுன் திரும்பிப் பார்த்துக் கை காட்டினாள். அவள் என்னைத் திட்டியிருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும்.

நீ கேட்டதற்கு இப்போது பதில் எழுதுகிறேன். வெளியே போகச் சொல்லி ஒருவரும் சொல்லவில்லை.

நான் உறவைச் சொன்னதும் செயலாளர் ஃபியோனா விதிமுறையைத் திறந்து பட்டியலை வாசித்தாள். கணவன், மனைவி, பெற்றோர், பிள்ளை, கூடப்பிறந்தவர், ஒரே வீட்டில் வசிப்பவர். இவர்களின் விஷயம் வந்தால் வெளியே போகத்தான் வேண்டும். “மருமகள் இதில் இல்லை. தெரிவித்ததே போதும். இருப்பதும் போவதும் தலைவியின் விருப்பம்” என்றாள். எட்டுப் பேரும் என்னைப் பார்த்தார்கள். ஒருவர் முகத்திலும் குறை சொல்லும் பார்வை இல்லை. ஆனால் எனக்கு அவர்கள் மனதுக்குள் சொல்வது கேட்கிற மாதிரி இருந்தது. இந்த ஆட்கள் இப்படித்தான், ஒருவரைத் தலைமையில் வைத்தால் தங்கள் சொந்தக்காரரைப் பார்ப்பார்கள் என்று. அதை ஒருவர் வாயாலும் கேட்கக்கூடாது என்றுதான் இருபத்தாறு வருஷம் தலையைக் குனிந்து வேலை செய்தேன். “நான் வெளியே இருப்பதுதான் முறை” என்று சொல்லிக் கதிரையைப் பின்னால் தள்ளினேன். டெரெக் தலையை அசைத்தார். மரியாதையாக அசைத்தார். எனக்கு அது பெருமையாக இருந்தது, கிளறி. மறைக்காமல் எழுதுகிறேன்.

நடைவழியில் தண்ணீர் மெஷினுக்குப் பக்கத்தில் இருந்தேன். இருபது நிமிஷம். உள்ளே நான்குக்கு நான்குதான் வரும் என்று எனக்குத் தெரியும், கதைத்துப் பார்த்தவள் நான்தானே. கதவைத் தட்டி உள்ளே போயிருக்கலாம். போகவில்லை. அந்த இருபது நிமிஷமும் எனக்கு நிம்மதியாக இருந்தது. இனி என் கையில் ஒன்றுமில்லை என்ற நிம்மதி.

நீ அண்ணிக்குச் சொன்னது உண்மையில்லை. என்னை மன்னித்துக்கொள்.

இம்மாகுலேற்


மன்னார்
27 ஜூலை 2025

அக்காவுக்கு,

நீங்களும் அத்தானும் நலமாக இருக்க வேண்டும். அதில் எனக்கு மாற்றமில்லை.

உங்கள் கடிதம் வியாழக்கிழமை வந்தது. வெள்ளிக்கிழமை றொசாந்தி வந்தாள். மெலிந்துபோனாள். ஒரு தனியார் வகுப்பில் ஆங்கிலம் படிப்பிக்கப் போகிறாளாம். அவளுடைய தொழில் இங்கே இல்லை. அந்தப் படிவங்களைப் பற்றி இனி நினைக்கக்கூடாது என்று முடிவெடுத்திருக்கிறாள், ஆனால் அதையே கதைத்தாள்.

பிறகு சொன்னாள். “சின்னமாமி, நான் அந்த விதிமுறையை எடுத்து வாசிச்சுப் பார்த்தனான். மருமகள் எண்டு அதில இல்லை. பெரியமாமி இருந்திருக்கலாம். பாவம், பதட்டத்தில பிழையா விளங்கிட்டா. ஹீத்ரோவில சொல்லுவம் எண்டு வாய் வரைக்கும் வந்தது. சொன்னால் மனிசி காலம் முழுக்க அழும் எண்டு விட்டிட்டன். நீங்களும் சொல்லிப்போடாதேங்கோ.”

உங்கள் கடிதம் என் சட்டைப் பைக்குள் இருந்தது. அவள் கம்பிக்குக் கிட்ட வந்து என் முகத்தைப் பார்த்தாள். “மாமிக்குத் தெரியாமல்தானே நடந்தது, சின்னமாமி?” என்று கேட்டாள்.

ஓம் என்று சொல்லிவிட்டேன்.

முப்பது வருஷமாக இந்த மடத்தில் இருக்கிறேன். தெரிந்துகொண்டு சொன்ன பொய் இதுதான். பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன், சாமியார் மன்னிப்புத் தந்தார், மனம் ஆறவில்லை. அந்தப் பிள்ளைக்கு இந்த உலகத்தில் மிஞ்சியிருப்பது உங்களைப் பற்றிய அந்த ஒரு நல்ல நினைப்பு. அதையும் என்னால் பறிக்க முடியவில்லை.

நீங்கள் அவளுக்கு எழுதுங்கள். எனக்கு எழுதியதை அவளுக்கு எழுதுங்கள். அதை வாங்கிக்கொள்ள அவளுக்குப் பலம் உண்டு. நான் பார்த்தேன். அதை எழுதும்வரை வேறொன்றும் எழுத வேண்டாம்.

கிளறிற்றா


மிச்சம்
19 அக்டோபர் 2025

அன்புத் தங்கச்சி கிளறிற்றாவுக்கு,

மழைகாலம் தொடங்கியிருக்கும், நெஞ்சைச் சூடாக வைத்துக்கொள். இங்கே நாங்கள் சுகம். அத்தானின் கண் நன்றாகிவிட்டது, இப்போது வீட்டில் உள்ள தூசியெல்லாம் தெரிகிறது என்று முறைப்பாடு. தக்காளி காய்த்தது, பழுக்கவில்லை.

கன நாளாக எழுதவில்லை. றொசாந்திக்கு எழுதத் தொடங்கினேன். அன்பு மருமகளுக்கு என்ற வரிக்குப் பிறகு ஓடவில்லை. இரண்டாம் முறையும் அப்படித்தான். வேலைப்பளுவும் கூட. என்னை இன்னொரு வருஷத்துக்குத் தலைவியாக இருக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

நான் சும்மா இருக்கவில்லை என்று உனக்குச் சொல்ல வேண்டும். ஏழாம் திகதிக் கூட்டத்தில் அந்த விதிமுறையைத் திருத்தினோம். பிரேரணையை நானே எழுதினேன். பட்டியல் மிகவும் குறுகலாக இருந்தது, அதனால்தான் இவ்வளவு குழப்பமும் வந்தது. இப்போது பெரியப்பா, பெரியம்மா, மாமா, மாமி, மருமக்கள் எல்லாரையும் சேர்த்தாயிற்று. டெரெக் வழிமொழிந்தார். ஒன்பது பேரும் கை உயர்த்தினோம். ஃபியோனா பழைய பட்டியலை இணையத்திலிருந்து எடுத்துவிட்டுப் புதியதைப் போட்டிருக்கிறாள்.

உன் மனம் ஆறவில்லை என்று எழுதியிருந்தாய், அது என்னை வாட்டிக்கொண்டே இருந்தது. அண்ணியோ றொசாந்தியோ இனிக் கேட்டால், மருமகள் விஷயம் என்றால் தலைவி வெளியே போகத்தான் வேண்டும் என்று சொல்லு. இப்போது அது பொய் இல்லை.

உன் அன்பு அக்கா,
இம்மாகுலேற்